பதின்மூன்று வாட் கொசுறு

கோயமுத்தூரில் பம்பு கம்பெனிகள் நெருங்கி நிற்கும் பக்கம், இன்ஜினியரிங் கல்லூரியின் வடக்குச் சுவரிலிருந்து இருநூற்றுப் பதினாறு அடி தள்ளி, முப்பத்தொரு வீடும் ஒரு பிள்ளையாரும் உள்ள எங்கள் வீதியில், சித்திரை ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று அடித்து ஆறு நிமிடத்துக்கு, ஆறு வருடமாக நின்றுகொண்டிருந்த ஒரு சுவர்க் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதன் முதுகில் பேட்டரி இல்லை. பேட்டரி வைக்கும் பள்ளத்தில் ஒரு பல்லி முட்டை மட்டும் இருந்தது, அதுவும் உடைந்தது.

பதினேழாம் வீட்டுக் கடிகாரம் அது. அந்த வீட்டு மாராத்தாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் அதை நிமிர்ந்து பார்த்து, "அட, ஓடுது" என்றாள். வாசலில் நின்ற என்னிடம் நேரம் கேட்டு முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். ஒரு மணிக்குக் கடிகாரம் நின்றது. மறுநாள் பதினொன்றுக்கு மறுபடி ஓடியது, அவள் மறுபடி முள்ளைத் திருப்பி வைத்தாள், பிறகு அதுவே தினசரி வேலையானது.

மாராத்தாளும் நானும் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் ஒரே கடையில் வேலை செய்கிறோம். அவள் செம்புக் கம்பி சுற்றுகிறவள். நான் சுற்றை எண்ணுகிறவன். ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் முப்பத்து மூன்று வருடமாக எண்ணுகிறேன், அதனால் கடையில் ஒன்பது பெண்களும் என்னை எண்ணிக்கையண்ணா என்றே கூப்பிடுகிறார்கள். மாராத்தாளின் புருஷன் அர்த்தநாரி முன்பு வார்ப்படப் பட்டறையில் இருந்தவர். அவருடைய இதயம் தானாக அடிக்க மறந்துவிட்டதால், இடது மார்பில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அது நிமிடத்துக்கு அறுபது முறை தட்டிக்கொடுக்கும், இதயம் அறுபது முறை அடிக்கும். அந்தப் பெட்டியின் பேட்டரி ஆவணி பத்தாம் தேதியோடு தீரும் என்று பங்குனியிலேயே சொல்லிவிட்டார்கள். புதுப்பெட்டி வைக்க மார்பைத் திறக்க வேண்டும். அர்த்தநாரிக்கோ இப்போது ரத்தம் உறையாத கோளாறு வந்திருந்தது. கத்தி வைத்தால் நிற்காது என்றார் டாக்டர். ஆகவே மாராத்தாள் பங்குனியிலிருந்து காலண்டரைக் கிழிப்பதை நிறுத்தியிருந்தாள்.

கடிகாரம் ஓடிய காரணத்தை நாங்கள் தேடவில்லை. ஆனால் காரணம் எங்கள் கடையில்தான் சுற்றப்பட்டது என்பது பின்னால் தெரிந்ததால், அதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அதே பங்குனியில் கல்லூரியிலிருந்து மெஹராஜ் பானு மேடம் எங்கள் கடைக்கு வந்தார். கம்பி தொடாமல் கரண்ட் அனுப்புவது அவருடைய ஆராய்ச்சி, ஏழு வருடமாக அதையே செய்கிறார். தரையில் ஒரு காயில், அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் இன்னொரு காயில். கீழ்க்காயிலில் கரண்ட் ஒரு நொடிக்கு எண்பத்தையாயிரம் முறை முன்னும் பின்னும் ஓடினால், நடுவில் வெறும் காற்றைத் தாண்டி மேல்காயிலில் அது பிறக்கும். அப்படிப் பிறப்பதை வைத்து கல்லூரியின் பேட்டரி ஆட்டோவை, அது நின்ற இடத்திலேயே, ஒயர் மாட்டாமல் சார்ஜ் ஏற்றலாம். மேடம் கொண்டுவந்த கம்பி எண்ணூறு மயிரிழைகளைச் சேர்த்து முறுக்கிய சடை. பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை மாதிரி அதைத் தட்டையாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்கும் இருபத்திநாலு சுற்று, ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது என்றார்.

கீழ்க்காயிலை மாராத்தாள் சுற்றினாள். மேல்காயிலைக் கமலவேணி சுற்றினாள். கமலவேணி உடுமலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, கடைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவரை சீலிங் ஃபேன்களுக்கு மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தாள், கையால் எண்ணிச் சுற்றியது அதுதான் முதல் தடவை. எங்கள் கடையில் வாய்விட்டு எண்ணித்தான் சுற்ற வேண்டும். களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள், ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். அந்தப் பழக்கம் எங்களுக்கும் உண்டு. லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று மாராத்தாள் எண்ணிப்போக, நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்து, இருபத்திநாலு என்றதும் சிவப்பு நூல் கட்டினேன். கமலவேணியும் லாபம் என்று தொடங்கும்போது கடை வாசலில் லாரி ஒன்று பின்னால் வந்தது. அவள் இருபத்திநாலு என்று முடித்ததும் அதற்கும் சிவப்பு நூல் கட்டினேன். லாரிச் சத்தத்தில் நடுவே எது விழுந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் நான் கேட்காமல் விட்டது அந்த ஒன்றுதான்.

சித்திரை ஒன்பதாம் தேதி பதினொன்று அடித்து ஆறு நிமிடத்துக்கு மேடம் முதல்முறையாகப் பொத்தானை அழுத்தினார்.

கடிகாரத்துக்குப் பிறகு, நாலாம் வீட்டில் செல் இல்லாத டார்ச் லைட் பரண்மேல் எரிந்தது. இருபத்தெட்டாம் வீட்டில் இறந்துபோன மகனின் பட்டன் போன் டிரங்குப் பெட்டிக்குள் வெளிச்சமாகி, அவன் வைத்துவிட்டுப் போன அலாரத்தை அடித்தது. அந்த அம்மா அதை நிறுத்தவில்லை, அதுவாக நிற்கும்வரை மடியில் வைத்திருந்தார், மறுநாளும் பதினொன்றுக்கு மடியை விரித்து உட்கார்ந்தார். ஆறாம் வீட்டுச் சின்னச்சாமியின் பழுதான காது மெஷின் பேசத் தொடங்கியது. "ரெண்டு மணி நேரந்தானுங்க கேக்குது. மீதி இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் சேத்து வெச்சு அவ அப்பத்தான் திட்டறா" என்றார் சின்னச்சாமி, ஆனால் பதினொன்று ஆனால் மெஷினை மாட்டாமல் இருக்கமாட்டார். இப்படி வைகாசி முடிவதற்குள் செத்துக் கிடந்த பொருள்களில் நாற்பத்தேழு, நான் எண்ணியபடி, தினமும் இரண்டு மணி நேரம் பிழைத்தன.

அதற்குப் பேர் வைத்தவர் காய்வண்டிக்காரர். "கத்திரிக்கா வாங்குனா ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடறதில்லீங்களா, அந்த மாதிரி ஆண்டவன் போடறது" என்றார். அன்றிலிருந்து அது கொசுறு. "ஏனுங்க, இன்னிக்குக் கொசுறு வந்துருச்சா?" என்று கேட்பதும், "இப்பத்தான் வந்துது, ரேடியோவுல பாட்டே ஓடுது" என்பதும், தண்ணீர் வந்ததா என்று கேட்பது போல ஆகிவிட்டது. ஊசிமுனை அளவு தின்னும் பொருள்களுக்கு எப்போதும் கிடைத்தது. பல்பு, ரேடியோ மாதிரிப் பெரிய வாய்களுக்குப் போதவில்லை, ஆகவே முறை வைத்தார்கள், ஒரு நாளுக்கு ஒரு வீடு. ஆனி மாதத்துக்கு முப்பத்திரண்டு நாள் வந்ததால் அந்த மிச்ச நாள் யாருக்கு என்று முதல் வீடும் முப்பத்தோராம் வீடும் மூன்று நாள் பேசாமல் இருந்து, கடைசியில் அதைப் பிள்ளையாருக்கு விட்டார்கள். பிள்ளையாருக்குப் பின்னால் சுழலும் ஒளிச் சக்கரம் ஒன்று கெட்டுக் கிடந்தது. அது அன்றைக்கு மெதுவாக, நிமிடத்துக்கு நாலு சுற்று, சுற்றியது. கும்பிட்டவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

உயிரோடு இருக்கும் பொருளுக்குக் கொசுறு போகவில்லை. பத்தொன்பதாம் வீட்டுக்காரர் தன் கிரைண்டரை நடுவாசலில் வைத்துப் பார்த்தார், அசையவில்லை. நல்லா இருப்பதற்கு வராது என்று சொன்னதும் உள்ளே போய் அதன் காயிலை அறுத்துவிட்டு வந்து வைத்தார். அப்போதும் அசையவில்லை. "பொய்யாச் செத்ததுக்கெல்லாம் வராதுங் மாமா" என்று மாராத்தாள் சொல்ல, வீதியே சிரித்தது. அறுத்த காயிலை அவள்தான் சுற்றிக் கொடுத்தாள்.

மின்வாரிய லைன்மேன் ஸ்டீபன் வந்து முப்பத்தொரு மீட்டரையும் பார்த்தார். "மீட்டர் ஓடுனா நான் எழுதோணும். ஓடலீங்களே. ஓடாததுக்கு எழுத எங்கிட்டப் படிவம் இல்லீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனவர், மறுநாள் தன் அப்பாவின் டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்.

ஆவணி பத்தாம் தேதி வந்தது. அன்று வீதியில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. பெட்டி நிற்கும் என்று சொல்லப்பட்ட நாள் முழுக்க அர்த்தநாரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம், "உட்காருங்க, இன்னும் போகலை" என்று வரவேற்றார். சாயந்தரமும் போகவில்லை. பதினோராம் தேதி மாராத்தாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், துணைக்கு நானும் போனேன். டாக்டர் பெட்டிமேல் தன் கருவியை வைத்துப் பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடி வைத்தார். மூன்று முறை வைத்தார்.

"இன்னும் ஒரு நாளுக்கு இருக்கு" என்றார்.

மறுநாளும் போனோம். "இன்னும் ஒரு நாளுக்கு இருக்கு." அதற்கு மறுநாளும் ஒரு நாளுக்குத்தான் இருந்தது. ஒன்பது நாள் போனோம், ஒன்பது நாளும் ஒரு நாளுக்குத்தான் இருந்தது, அதுவும் நடுப்பகலோடு தீர்கிற ஒரு நாள். பத்தாம் நாள் டாக்டர் கருவியை மூடிவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச பேட்டரி எல்லாம் தீரும், இது தினமும் தீர்ந்து தினமும் பொறக்குது, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். மாராத்தாள் வீட்டுக்குப் போய்க் காலண்டரில் ஐந்து மாதத் தாளை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

மெஹராஜ் பானு மேடத்துக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கு வேறு கவலை. ஆயிரம் வாட் கீழே போட்டால் மேலே தொள்ளாயிரத்து முப்பத்தாறுதான் வந்தது. அறுபத்திநாலு போய்விட்டது. அதில் சுவிட்சுகளின் சூட்டில் இருபத்தொன்று, செம்பின் சூட்டில் பத்தொன்பது, பின்னால் இருக்கும் தகட்டில் பதினொன்று. கூட்டினால் ஐம்பத்தொன்று. மீதிப் பதின்மூன்று எங்கே போனது என்று நாலு மாதமாகத் தேடினார். மின் அலையைப் பிடிக்கும் சின்ன மீட்டர் ஒன்றைக் கையில் ஏந்தி, லேபைச் சுற்றி, கட்டிடத்தைச் சுற்றி, வடக்குச் சுவர் வரை வந்து, சுவரைத் தாண்டி, ஆவணி இருபத்தாறாம் தேதி பதினொன்றே காலுக்கு எங்கள் வீதிக்குள் நடந்து வந்தார். முப்பத்தொரு வீட்டிலும் ஏறி இறங்கினார். எரிவது, பாடுவது, சுற்றுவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். தாளை என்னிடம் கொடுத்து, "ஐயா, ஒரு தடவை கூட்டிப் பாருங்க" என்றார். கூட்டினேன். பதின்மூன்று.

கடைசியாக ஏறியது பதினேழாம் வீடு. அர்த்தநாரியின் மார்பருகே மீட்டரைக் கொண்டுபோனார். மீட்டரில் ஒன்றும் தெரியவில்லை. மாராத்தாள் ஆவணி பத்தில் நடந்ததைச் சொன்னாள். மேடம் வெகுநேரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் அழுத்திய பொத்தானை, அதற்குப் பிறகு அவரே கல்லூரிக்கு வந்து அழுத்தினார். வாட்ச்மேன் கேட்டதற்கு, "ரீடிங் எடுக்கணும்" என்றாராம். தீபாவளி அன்றும் ரீடிங் எடுத்தார்.

ஐப்பசி பதினைந்து, சனிக்கிழமை, மேடம் இரண்டு காயிலையும் துணியில் சுற்றி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். அன்றைய இரண்டு மணி நேரத்தை ஓட்டி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற கமிட்டி வருது. தொள்ளாயிரத்து நாற்பத்தஞ்சு வாட்டாவது காட்டணும். இல்லைன்னா லேபைப் பூட்டிட்டு, இதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் பொத்தானை அழுத்த நானே இருக்க மாட்டேன். ரெண்டு காயிலும் ஒண்ணுக்கொண்ணு சேரலைன்னு தோணுது. ஒரு தடவை எண்ணிச் சொல்லுங்க ஐயா."

அர்த்தநாரி மாராத்தாளுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்து, ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் தையல் ஊசியை எடுத்தேன். மாராத்தாளின் காயில் இருபத்திநாலு. கமலவேணியின் காயிலை எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு, என்று உள்ளிருந்து வெளியே வந்து முடித்தபோது ஊசி இருபத்தைந்தில் நின்றது. மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து.

என் வாழ்க்கையில் ஓர் எண்ணைச் சொல்லாமல் இருக்க ஆசைப்பட்டது அந்த ஒரு முறைதான். கூடுதல் சுற்றை எடுத்தால் பதின்மூன்றும் கல்லூரிப் பக்கம் போகும். எடுக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை எல்லாமே போகும். நான் மாராத்தாளைப் பார்த்தேன்.

"எண்ணுனதைச் சொல்லுங்கண்ணா" என்றாள் அவள். "நீங்க தப்பாச் சொன்னா அப்புறம் நாங்க எதைத்தான் நம்பறது?"

சொன்னேன்.

"இருக்கவே இருக்காது" என்று கமலவேணி எழுந்து வந்து ஊசியைப் பிடுங்கினாள். "நானும் எண்ணறேன், பாருங்க. லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு..."

கடையில் ஒன்பது மெஷின்களும் நின்றன. அவள் இருபத்திநாலு என்று முடித்து நிமிர்ந்தாள்.

"ஏங் கமலா, லாபத்துக்கு அப்புறம் ரெண்டல்ல?" என்றாள் மாராத்தாள்.

"அதெப்படிங்க்கா? லாபம் சாமிக்கு. அதுக்கப்புறந்தானுங்க கணக்கே."

மாராத்தாள் ஊரில் லாபம் என்பது ஒன்றுக்கு இன்னொரு பேர். கமலவேணி ஊரில் லாபம் என்பது ஒன்றுக்கு முன்னால் வருவது, எண்ணில் சேராதது. இரண்டு ஊருக்கும் நடுவே நாற்பத்தாறு மைல். அந்த நாற்பத்தாறு மைலும் ஒரு சுற்றுக் கம்பியாகி மேல்காயிலில் உட்கார்ந்திருந்தது.

"எப்படிச் சுத்துனாலும் நம்ம பக்கந்தான் ஃபியூஸ் போகுது" என்றார் அர்த்தநாரி. யாரும் சிரிக்கவில்லை. மாராத்தாள் தூக்கைத் திறந்து அவருக்கு ரசஞ்சோறு போட்டாள். ரசம் காயில் துணிமேல் சிந்தியது.

மேடம்தான் கேட்டார், மெதுவாக. "கமலவேணி, உங்க ஊர்ல அந்த லாபப் படி நெல்லை என்ன செய்வாங்க?"

"தனியா வெப்பாங்க மேடம். வூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, குப்பையிலயும் போடக் கூடாது. களத்துல நெலமில்லாம யாரு வந்து நிக்கறாங்களோ அவங்க முந்தானைல கொட்டீருவாங்க." சொல்லி முடித்தபோதே அவள் பார்வை அர்த்தநாரிமேல் போய் நின்றது. "அது நாஞ் சுத்துன சுத்து. கணக்குல இல்லாதது. அதை யாருக்குக் குடுக்கறதுன்னு நாந்தானுங்க சொல்லோணும்."

மேடம் பையிலிருந்து பேனா எடுத்து உள்ளங்கையிலேயே ஏதோ வகுத்தார். "அவர் பெட்டி தின்கிறது பதின்மூணு வாட் இல்லை" என்றார். "பதின்மூணைப் பத்து லட்சமாப் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. ஒரே ஒரு பங்கு. அதைப் பார்க்கிற மீட்டர் என் லேப்ல கிடையாது, கமிட்டிக்காரங்ககிட்டயும் கிடையாது." பேனாவை மூடினார். "போய்ச் சேருமான்னு எனக்குத் தெரியாது. நான் படிச்சதுல சேராது. ஆனா நான் படிச்சதுல அந்தக் கடிகாரமும் ஓடாது."

கமலவேணி தன் காயிலின் உள்சுற்றை உருவி எடுத்தாள். முப்பத்தைந்து அங்குலம் இருந்தது. அர்த்தநாரியின் இடுப்பை அளந்தேன், முப்பத்து மூன்று. முடிச்சுக்கு இரண்டு அங்குலம். அரைஞாண் கயிறாக அதைக் கட்டி, எண்ணூறு இழையின் நுனிகளும் எண்ணூறு நுனிகளோடு சேரும்படி ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டியிருந்தது, வயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவே ஈரத்துணி மடித்து வைத்து மாராத்தாள் பற்றவைத்தாள். "ஏ புள்ள, பாத்து, பெட்டி நிக்கறதுக்கு முன்னால நீ வேக வெச்சராத" என்று அவர் கத்த, அப்போதுதான் கடை சிரித்தது, மாராத்தாளும் சிரித்தாள், கண்ணீர் ஈயத்தில் விழுந்து சுரீர் என்றது.

கமிட்டிக்கு முன்னால் யாரும் தொட்டுக் கெடுக்காமல் இருக்கத் திருத்திய காயிலைச் செவ்வாய் காலைதான் பொருத்துவது என்றும், ஞாயிறும் திங்களும் கல்லூரியில் இருந்த பழைய சோதனைக் காயிலில் ஒரு சுற்று கூட்டிவைத்து ஓட்டுவது என்றும் மேடம் ஏற்பாடு செய்தார். அதனால் இரண்டு நாளும் கொசுறு வந்தது. செவ்வாய் அன்று பெட்டியில் எப்போதும்போல நடுப்பகல் வரைக்கும்தான் இருந்தது.

ஐப்பசி பதினெட்டு, பதினொன்று அடித்தது. கல்லூரியில் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். எங்கள் வீதியில் எதுவும் எழவில்லை. டார்ச் எரியவில்லை, டிரான்சிஸ்டர் வாய் திறக்கவில்லை, பட்டன் போன் இருண்டே கிடந்தது, சின்னச்சாமி மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நாற்பத்தேழும் எழவில்லை. பதினேழாம் வீட்டுக் கடிகாரம் அதற்கு முந்தைய நாளின் ஒரு மணியைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். தங்கள் செத்த பொருளைப் பற்றி யாரும் பேசவில்லை. இருபத்தெட்டாம் வீட்டு அம்மா போனை மடியில் முடிந்துகொண்டே வந்திருந்தார்.

அர்த்தநாரி கட்டிலில் படுத்திருந்தார். மாராத்தாள் அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். மணிக்கட்டுப் பக்கம் கமலவேணி பிடித்துக்கொண்டாள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்றேன்.

"லாபம்" என்றாள் மாராத்தாள்.

நொடி போனது.

"ரெண்டு" என்றாள்.

நிமிடத்துக்கு அறுபது. கமலவேணி உதட்டுக்குள் எண்ணினாள். வாசலில் நின்றவர்களும் எண்ணத் தொடங்கினார்கள், லைன்மேன் ஸ்டீபனும், காய்வண்டிக்காரரும், கிரைண்டரை அறுத்தவரும், முதல் வீடும் முப்பத்தோராம் வீடும், பெரிய சத்தமாக இல்லை, அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் போல. ஆயிரம் தாண்டியது. இரண்டாயிரம் தாண்டியது. வெயில் வாசற்படியைக் கடந்து கட்டில் காலைத் தொட்டது. மூவாயிரம் தாண்டியது. நடுப்பகல் பன்னிரண்டு என்பது மூவாயிரத்து அறுநூறு என்று எல்லாருக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். மூவாயிரத்து ஐந்நூற்று எழுபதில் வாசலில் ஒவ்வொருவராக எண்ணுவதை நிறுத்தினார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூறில் மாராத்தாளின் குரல் மட்டும் இருந்தது. அர்த்தநாரி கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூவாயிரத்து அறுநூறு" என்றாள்.

அந்த நொடியின் நீளத்தை என்னால் எந்த எண்ணிலும் சொல்ல முடியாது.

"லாபம்" என்றாள்.

யாரும் திருத்தவில்லை. "மூவாயிரத்து அறுநூற்று ரெண்டு" என்று அவள் தொடர்ந்தாள், வாசல் முழுவதும் ஒரே மூச்சாக அவளோடு சேர்ந்துகொண்டது.

ஒரு மணி அடிக்கும்போது மேடம் செருப்பில்லாமல் சுவர்ப் பக்கமிருந்து ஓடி வந்தார். தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது வந்ததாம், ஐம்பத்தொன்று சூடாகப் போனதாம், கூட்டினால் ஆயிரம், கமிட்டி எழுந்து நின்று கை தட்டியதாம், லேபைப் பூட்டமாட்டார்கள், இனிக் கல்லூரி ஆட்டோ தினமும் அதன்மேல்தான் நிற்கும். அவர் அதைச் சொல்லவில்லை, பிற்பாடுதான் தெரிந்தது. வாசலில் நின்று, மூச்சு வாங்க, "எத்தனை?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழாயிரத்து இருநூறு" என்றாள் மாராத்தாள், கையை எடுக்காமல்.

"ஏழாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்றாள் கமலவேணி, கையை எடுக்காமல்.

மேடம் என்னைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடமாக எண்ணுகிறவன் நான். ஊசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்காமல், அர்த்தநாரியின் இடுப்பில் வெயில் பட்டு மின்னிய அந்த ஒரு சுற்றைப் பார்த்தபடி, "ரெண்டும் சரிங்க" என்றேன்.